சோடா லோகநாதனின் அடிபம்பு

ஆரணியில் கோலி சோடா குடித்தவர்கள் அத்தனை பேருக்கும் லோகநாதனைத் தெரியும். கடையில் சோடா கேஸ் சிலிண்டரோடு பேசுகிற அளவுக்குக்கூட வீட்டில் பேசமாட்டார். ஆனால் மனைவி அபிதகுசாம்பாள் மேல் உயிரையே வைத்திருந்தார். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் மனுஷனுக்குத் தெரியாது.

எண்பத்து மூன்றில் மழை ஏமாற்றிவிட்டது. பின்கட்டு அடிபம்பை மூச்சு வாங்க அடித்தாலும் ஒரு சொம்புதான் வரும். அபிதா தெருக்கோடிக் குழாயிலிருந்து இடுப்பில் குடம் சுமந்தாள். போன வருஷம் அப்படிச் சுமந்துதான் கரு கலைந்தது என்று இருவருமே நம்பினார்கள். இப்போது மறுபடியும் நாள் தள்ளிப்போயிருந்தது. கனம் தூக்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லிவிட்டார்.

ஆம்பிளை குடம் தூக்குவதா? அந்தத் தெருவில் அப்படியொரு பேச்சே கிடையாது. லோகநாதனுக்கும் அது தோன்றவில்லை, பாவம். அவருக்குத் தோன்றியதெல்லாம் சிலிண்டர்தான்.

அடியில் இருப்பது பொடிப்பொடியாகத் துளை உள்ள பாறை, துளையெல்லாம் சுண்ணாம்பு ஏறி அடைத்துவிட்டது என்று போர் போட்டவன் சொல்லியிருந்தான். உப்புத்தண்ணீர் காய்ச்சிய அண்டாவில் மிச்ச சோடாவை ஊற்றிவைத்தால் அடியில் படிந்த சுண்ணாம்பு கரைவதை லோகநாதன் எத்தனையோ முறை பார்த்தவர்.

"கேஸ் கலந்த தண்ணி புளிக்கும், புளிப்பு சுண்ணாம்பத் தின்னும். அண்டாவுக்கு ஆவறது பாறைக்கு ஆவாதா?" என்றார்.

பம்பின் தலையைக் கழற்றி, சிலிண்டர் டியூப்பை ஆழத்துக்கு இறக்கி, வாயை ஈரச்சாக்கால் இறுக்கிக் கட்டி கேஸைத் திறந்துவிட்டார். மறுநாள் காலையில் பம்பை மாட்டி அடித்தால், அடேயப்பா, தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது!

"அபிதா, ஜல்தி வா!"

சந்தோஷத்தில் வெறிபிடித்தவர் மாதிரி அடித்தார். தெளிந்து வந்த தண்ணீர் டீ நிறமானது, பிறகு சேறானது, கடைசியில் வெறும் காற்று வந்தது. சேற்றை விரலில் தேய்த்துப் பார்த்தார். முகப்பவுடர் போல அவ்வளவு நைசு. அப்போதுதான் விளங்கியது. கல்லுக்குள் அந்தத் தூளைப் பிடித்து வைத்திருந்ததே சுண்ணாம்புதான். அது கரைந்ததும் தூள் கிளம்பி, இவர் இழுத்த வேகத்தில் ஓடிவந்து, குறுகிய துளைகளில் சிக்கிக்கொண்டது. படம் விட்டதும் கூட்டம் ஒரே வாசலில் முட்டுமே, அப்படி.

"நானே கெடுத்துட்டேன்மே," என்று தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அபிதா பட்டு நூல் சுற்றுகிறவள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இதுக்கு இன்னாத்துக்கு அழுவறீங்க? நூலு சிக்கு வுழுந்தா இழுப்பமா? இழுத்தா இறுகிப்பூடும். வந்த வழியே தள்ளிவுட்டாதான் அவுரும். தண்ணிய உள்ள ஊத்திப் பாருங்க."

ஊற்றத் தண்ணீர் வேண்டுமே! அவள் குடத்தை எடுத்தாள். லோகநாதன் வெடுக்கென்று பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

குழாயடியில் எதிர்வீட்டுப் பாஞ்சாலை விடுவாளா? "இன்னா சோடாக்காரரே, புள்ள பெக்கப்போறது நீங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். காது சுட்டது. தலையைக் குனிந்துகொண்டே குடத்தை நிரப்பினார்.

ஊற்றுவார், மெதுவாக அடிப்பார், கொஞ்சம் சேறு வரும், மறுபடி ஊற்றுவார். ஒரு வாரம் போல இப்படியே போனது. கடைசியில் நல்ல தண்ணீர் வந்தது, ஆனால் நிதானமாக அடித்தால் மட்டும்தான். வீட்டுச் செலவுக்குப் போதாது. அதற்குள் குழாயடி அவருக்குப் பழகிவிட்டது.

ஒருநாள் தோளில் குடத்தோடு வந்தவரை வாசலில் நின்று அபிதா கேட்டாள்.

"பாறைக்குள்ள கேஸ் வுடத் தோணிச்சே, இந்தக் குடத்தத் தூக்கணும்னு தோணலியா?"

"தோணலியே அபிதா."

"போன வருசமே தோணியிருந்தா..."

லோகநாதன் குடத்தை இறக்கிவைத்தார். தெருவே பார்க்க அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே உன் இடுப்புல கொடம் ஏறாது," என்றார்.

ஏறவுமில்லை. தை மாதம் பிறந்த கண்ணகிதான் ஏறிக்கொண்டாள்.