மாசிலாமணி ராக்கெட்டில் ஏறியதா? ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு மேட்னி பயணம்

"பக்கத்து ஊருக்குப் போய்வந்ததையெல்லாம் பயணம் என்று எழுதுவீர்களா?" என்று போன பதிவின் கீழே ஒருவர் கிண்டலாகக் கேட்டிருந்தார். எழுதுவேன் ஐயா, என்ன இப்போது? ஆவடியிலிருந்து பூந்தமல்லி ஒன்பது கிலோமீட்டர்தான். ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் ஸ்டெல்லாவும் அங்கே போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தது, பிறகு பார்த்த மலை, அருவி எல்லாவற்றையும் விட எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படித்த நாவலைத் திரையில் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இது உதவும்.

ஸ்டெல்லா எங்கள் குவார்ட்டர்ஸில் எதிர்வீடு, தூத்துக்குடிக்காரி. எங்கள் வீட்டுக்காரர்கள் இருவருக்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்ட். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டால் மதியம் எங்களுடையது. ஒருத்தி அரிசியில் கல் பொறுக்குவாள், ஒருத்தி உரக்க வாசிப்பாள். அப்படி வாசித்ததுதான் அந்த விஞ்ஞான நகைச்சுவைத் தொடர்கதை. ஸ்டெல்லாவின் நாத்தனார் வார இதழிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, அம்பத்தூரில் பைண்டிங் போட்டுக் கொடுத்தது.

கதை இதுதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் வழுக்கைத் தலை முதலாளி ஒருவர், கழித்த இரும்பில் ஓர் இயந்திர மனிதனைச் செய்து, அதற்குத் தன் மாமனார் பெயரை வைக்கிறார்: மாசிலாமணி. அது ஒரு வேலையும் செய்யாது. எங்கே க்யூவைக் கண்டாலும் போய்க் கடைசியில் நின்றுகொள்ளும், அவ்வளவுதான். 'இத்தனை பேர் நிற்கிறார்கள் என்றால் முன்னால் ஏதோ நல்லது இருக்கிறது என்று மாசிலாமணி நம்பியது. ரேஷன் கடை அந்த நம்பிக்கையை அசைக்க முடிந்தவரை முயன்றது' என்று ஒரு வரி வரும். ஸ்டெல்லா அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த அரிசி முழுக்கக் கொட்டிப்போனது. இவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கிற ஆள் வேறில்லை என்று அரசாங்கம் அதை நிலாவுக்குத் தேர்ந்தெடுக்கிறது. ராக்கெட் ஏணியில் ஒரு கால், தரையில் ஒரு கால் வைத்து மாசிலாமணி யோசிக்கிறது. ஏறுமா, அம்பத்தூரிலேயே இருந்துவிடுமா?

பக்கத்தைத் திருப்பினால், "மரகதம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்."

மரகதம் வழியனுப்ப வந்தவள் என்று நினைத்து அரைப் பக்கம் படித்துவிட்டோம். அப்புறம்தான் விளங்கியது. பைண்டிங் கடையில் வேறு யாருடைய குடும்பக் கதையோ எங்கள் புத்தகத்தின் வாலில் சேர்ந்துவிட்டது. எங்கள் கதையின் கடைசி இரண்டு வாரம் எந்த வீட்டில், எந்த அழுகைக்கு நடுவே கிடக்கிறதோ! நாத்தனாரைக் கேட்டால், "நான் அவ்வளவு தூரம் படிக்கலியே மதினி" என்று கையை விரித்துவிட்டாள்.

அந்தக் கதையைப் படமாக எடுத்து, அது பூந்தமல்லிக்கு வந்த வாரத்தில்தான் ஸ்டெல்லாவின் வீட்டுக்காரருக்கு ஆந்திராவில் இருக்கும் மேதக் தொழிற்சாலைக்கு மாற்றல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ரயில். அவளுக்குப் போக மனசே இல்லை. தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது.

"ஏட்டி மஞ்சு, அது போச்சா இருந்துச்சான்னு தெரியாம நான் ரயில் ஏற மாட்டேன், பாத்துக்கோ" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. முடிவு தெரியாமல் இவளை அனுப்பக் கூடாது என்று அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஒரு மணிக்கு ஆவடியில் பஸ். பருத்திப்பட்டு, கூவம் பாலம், காடுவெட்டி, சென்னீர்க்குப்பம் என்று முக்கால் மணி நேரம் குலுக்கி எடுத்தது. தியேட்டர் ஸ்டாப்புக்கு டிக்கெட் கேட்டதுமே கண்டக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இன்னாமா, அந்த மெஷின் படமா? நாலு தபா பாத்துட்டேன். சோக்கா கீது! க்ளைமாக்ஸ்ல பாத்தீனா..."

"அண்ணாச்சி, முடிவ மட்டும் சொல்லிராதீய!" என்று ஸ்டெல்லா காதைப் பொத்திக்கொண்டாள். "நாங்க புஸ்தகம் படிச்சிட்டு வாரோம்."

"இதுக்கு புக்கு வேற கீதா?" என்று அவர் ஆச்சரியப்பட்டுக்கொண்டே முன்னால் போனார்.

படத்தைப் பற்றி நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். லேத் பட்டறை கண்ணாடிக் கட்டடமாகிவிட்டது. வழுக்கைத் தலை முதலாளிக்குச் சுருட்டை முடியும் கூலிங்கிளாஸும் முளைத்துவிட்டன. பனிமலையில் ஒரு டூயட், பின்னால் மாசிலாமணி இரும்புக் காலோடு ஸ்டெப் போடுகிறது. ஒரு ஈயைக்கூட அடிக்காத மாசிலாமணி இருபது அடியாட்களைத் தூக்கி எறிகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் முறுக்குப் பொட்டலத்தைக் கசக்கிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. நாவலில் சிரிப்பு இருந்தது வாக்கியத்தில். வாக்கியத்தைக் காமிரா எப்படிப் பிடிக்கும்? அதனால் ஒரு காமெடியனை எண்ணெயில் வழுக்கி விழவைத்தார்கள்.

ஒரு காட்சி மட்டும் புத்தகத்தை ஜெயித்தது. மண்ணெண்ணெய் க்யூவில் மாசிலாமணி தகர டின்னோடு நிற்கிறது. வசனமே இல்லை. முன்னால் நிற்கிறவர் ஒரு அடி நகர்ந்தால் இதுவும் ஒரு அடி நகர்ந்து, டின்னைக் கீழே வைத்து, மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறது. புத்தகத்தில் இது ஒரு வரிகூட இல்லை. தியேட்டரே உருண்டு சிரித்தது. ஸ்டெல்லா என் தோளில் விழுந்து சிரித்தாள்.

கடைசியில் ராக்கெட், ஏணி. ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கதாநாயகி ஓடிவந்து அழுகிறாள், குழந்தைகள் அழுகின்றன. மாசிலாமணி அரசாங்க உத்தரவைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறது. எல்லோருமாகப் பாட்டுப் பாடி, வணக்கம்.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தே நின்றாள். "எல்லாரும் அழுதா இருந்துறலாமாக்கும்? பொய் சொல்லுதானுவ" என்றாள். அவளை ஏன்தான் கூட்டிவந்தோமோ என்று எனக்கு ஆகிவிட்டது.

திரும்புகிற பஸ்ஸில் அதே கண்டக்டர். "இன்னாமா, படம் புடிக்கலியா? மூஞ்சி ஏன் இப்டி கீது? சரி, உங்க புக்குல இன்னாதான் ஆச்சி, அத்தயாவது சொல்லு."

தெரியாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஸ்டெல்லா முந்திக்கொண்டாள்.

"போயிருச்சு அண்ணாச்சி. ஏணியில ஏறிப் போயிருச்சு. நிலாவுல எறங்குனா ஒரு ஆளு கெடையாது. நேரா போயி ஒரு எடத்துல நின்னுக்கிடுச்சு. 'இங்க யாருமே இல்லியே, என்னத்துக்கு நிக்க?'ன்னு கூட வந்த ராக்கெட்காரன் கேட்டான். 'நான்தான் மொத ஆளு. பின்னால வருவாங்க'ன்னுச்சு."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி நின்றுவிட்டார். காடுவெட்டியில் இறங்க வேண்டியவர்கள் கத்திய பிறகுதான் ஊதினார். "அட, இது நல்லா கீதேமா! இத்தயே எடுத்துருக்கலாம்ல அவனுங்க?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

இனி, போகிறவர்களுக்கு. அந்தத் தியேட்டர் இன்று இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நான் அந்தப் பக்கம் போய் நாளாகிவிட்டது. சிரிக்கவைக்கும் நாவலைப் படித்த சூட்டோடு படத்துக்குப் போகாதீர்கள், ஆறட்டும். எழுத்தில் சிரித்ததைத் திரையில் தேடினால் வீண்தான். பேசாமல் நிற்கும் காட்சிகளைக் கவனியுங்கள், சினிமா அங்கேதான் கெட்டிக்காரத்தனம் காட்டும். பைண்டிங் போட்ட புத்தகமானால் முதலில் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மரகதம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டெல்லா ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிவிட்டாள். ஒரு மாதம் தகவலே இல்லை. பிறகு ஒரு நாள் தெருமூலைக் கடை போனுக்கு எனக்கு அழைப்பு வந்தது. ஓடிப்போய் எடுத்தேன். இரைச்சலுக்கு நடுவே மேதக்கிலிருந்து அவள் குரல்.

"ஏட்டி, பின்னால ஒருத்தி வந்து நின்னுட்டா!"