மோட்டார் ரூம் கூரையில் காய்த்த காய்

எங்கள் அண்ணிக்கு வைத்த பெயர் ஒன்று, வழங்கும் பெயர் ஒன்று. தோட்டத்தில் எல்லோருக்கும் அவள் வண்டக்கா. அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

வண்டு செய்ய வேண்டிய வேலையை அவள் செய்வதால் வந்த பெயர் அது. நாங்கள் வேலை செய்வது பேஷன் பழத் தோட்டத்தில். ஜூஸ் போடுகிறார்களே, அந்தப் புளிப்புப் பழம். அதன் பூ உச்சிப் பொழுதில் விரியும், சாயங்காலம் சுருங்கிவிடும். அதற்குள் ஒரு கொடியின் மகரந்தத்தை எடுத்து வேறொரு கொடியின் பூவில் தடவ வேண்டும். தன் பொடி தனக்கு ஆகாது, அவ்வளவு ரோஷம் அந்தக் கொடிக்கு. யாரும் தடவாவிட்டால் பூ உதிர்ந்துவிடும். நாங்கள் ஆறேழு பெண்கள் வரிசை வரிசையாகப் போய் விரலால் தடவுவோம். எங்களில் அண்ணியின் விரல்தான் ராசி. நான் தொட்டால் பாதி காய்க்கும், அவள் தொட்டால் முக்கால்வாசி காய்க்கும். நாத்தனார் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருகிறதென்றால் அது எவ்வளவு உண்மை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிஜ வண்டெல்லாம் எங்கே போச்சு என்று கேட்டால், பதில் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. தோட்டத்துக்கு மருந்தடிப்பது என் அண்ணன். முன்பு பந்தலுக்கடியில் நின்றால் காதெல்லாம் ரீங்காரம்தான். தலையில் வந்து முட்டும் கருவண்டு, சின்னத் தேனீ, இலை தின்னும் புழு, அந்தப் புழுவைத் தூக்கிப்போக வரும் குளவி, பொறிவண்டு, பேர் தெரியாதது இன்னும் எத்தனையோ. நாங்களே துணியை விசிறி விரட்டியிருக்கிறோம். புழுவுக்கென்று அடித்த மருந்து, எது புழு எது வண்டு என்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. பிறகு முதலாளி மரப் பந்தல் கால்களைப் பிடுங்கிவிட்டு சிமெண்ட் தூண் நட்டார். கருவண்டு கூடு வைப்பது காய்ந்த மரத்தில். அதுவும் போனது. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு இந்த வேலையே வந்தது.

"புருஷன் ஆளைக் காலி பண்றாரு, பொண்டாட்டி அந்த இடத்துக்கு வேலைக்கு வர்றாங்க," என்று நான் கிண்டல் செய்வேன். அண்ணியும் சிரிப்பாள், முன்பெல்லாம்.

அண்ணனுக்கு மூச்சிழுப்பு வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. மருந்து டேங்கை முதுகில் மாட்டி நாலு வரிசை போனால் உட்கார்ந்துவிடுகிறான். வாரத்தில் பாதி நாள் படுக்கைதான். வீடு ஓடுவது அண்ணியின் விரலில். அந்த விரலும் மருந்து பட்ட பூவைத் தொட்டுத் தொட்டு நுனியெல்லாம் வெடித்து மரத்துக் கிடக்கிறது. வெந்நீரில் வைத்தால்கூடச் சூடு தெரியவில்லை என்கிறாள். உறை போட்டுக்கொண்டு செய்யலாம் என்றால் பூ நசுங்குகிறது.

இந்த லட்சணத்தில்தான் மோட்டார் ரூம் கூரையில் காய் காய்த்தது.

மோட்டார் ரூம் தோட்டத்தின் கடைசி மூலையில் இருக்கிறது. ஓரத்துக் கொடிகள் இரண்டு தாமாகவே அதன் தகரக் கூரைமேல் ஏறிப் படர்ந்திருந்தன. கைக்கு எட்டாது என்று நாங்கள் விட்டுவிட்டோம். அண்ணனும் அங்கே மருந்தடிப்பதில்லை. ஒரு நாள் தண்ணீர் குடிக்கப் போன அண்ணி அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாள். கூரை விளிம்பு முழுக்கப் பச்சைக் காய்.

"யாரு மேல ஏறினது?"

"யாருக்கு அண்ணி அவ்வளவு கொழுப்பு?" என்றேன்.

ரூமுக்குப் பின்னால் பழைய பந்தல் கால்கள் குவிந்து கிடந்தன. கட்டைகளில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஓட்டைகள், அடியில் புது மரத்தூள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கருவண்டு வந்தது. எங்களைச் சட்டை செய்யாமல் ஓட்டைக்குள் நுழைந்தது. அதன் முதுகெல்லாம் மஞ்சள் பொடி. அண்ணி தன் விரலைப் பார்த்துக்கொண்டாள்.

"அண்ணி, இதை இன்னைக்கே விறகுக்குப் பிளந்துடலாம். முதலாளி கண்ணுல பட்டா நம்ம பொழப்பு கந்தல்."

நான் சும்மா சொல்லவில்லை. கூலி கொடுக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பவர் எங்கள் முதலாளி. கூலியே கேட்காத ஆள் கிடைத்தால் எங்களை எதற்கு வைத்திருப்பார்?

"வேணாம்," என்றாள் அண்ணி. "இத்தனை மருந்துக்கும் தப்பிச்சு வந்திருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

"அது தப்பிச்சிடுச்சு சரி. நாம தப்பிக்க வேணாமா?"

அவள் அந்தப் பக்கம் யாரும் போகாதபடி முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் முதலாளி வந்தார். நேராகக் கூரையைத்தான் பார்த்தார்.

"இது எப்படிக் காய்ச்சுது? மேல யாரு பார்த்தது?"

அண்ணிதான் பேசினாள். "நான்தான் முதலாளி. சும்மா கிடக்குதேன்னு ஏணி போட்டு ஏறினேன்."

அவருக்கு வாயெல்லாம் பல். "அப்படின்னா தினமும் ஏறிடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டும் பிழைத்தது, எங்கள் வேலையும் பிழைத்தது. சொன்ன பொய்க்காக அண்ணி தினமும் உச்சிப் பொழுதில் ஏணி போட்டு ஏறுவாள். கொடி நிழல் விழும் மூலையில் உட்கார்ந்து வண்டுகள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கைக்கு ஓய்வு கிடைத்ததே அந்தக் கொஞ்ச நேரம்தான். "என்னைவிடச் சுத்தமா செய்யுதுங்க, ஒரு பூவை விடறதில்ல," என்று சிரித்துக்கொண்டே இறங்குவாள். அண்ணன் படுத்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்தப் புளுகு வெளுக்கவே இல்லை. முதலாளி முழுசாக நம்பிவிட்டார். அதுதான் வினையாகப் போனது.

அன்று அவர் உச்சி வேளையில் வந்து சேர்ந்தார். அண்ணன் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தான். "காய்க்கிற கொடியை மருந்தில்லாம விடலாமா? இப்பவே மேலயும் அடிச்சு விடு. நான் பார்த்துட்டுப் போறேன்."

எப்போதும் பூ விரிவதற்கு முன்னால், காலையில்தான் மருந்தடிப்பது. அண்ணி முன்னால் வந்தாள். "நாளைக்குக் காலைல அடிச்சுக்கலாமே முதலாளி. பூ விரிஞ்சிருக்கு."

"விரிஞ்சிருந்தா என்ன? வண்டா வந்து உட்காரப் போகுது? நீதானே தொடறே. இன்னைக்கு ஒரு நாள் ஏறாம இரு."

அவள் சொன்ன பொய்யே அவளை மடக்கிவிட்டது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

அண்ணனுக்கு எல்லாம் தெரியும். ஏணியில் பாதி ஏறி, குழாயைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்தான். "என்ன, அடிக்கட்டுமா?"

கேட்டது அவளைத்தான். மேலே வண்டுகளின் இரைச்சல் கீழேவரை கேட்டது, முதலாளி அதை மோட்டார் சத்தம் என்று நினைத்திருப்பார். மேலே வண்டு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் ஏறி இறங்கும் அண்ணனின் நெஞ்சைப் பார்த்தாள். வரிசையாக நின்ற எங்களைப் பார்த்தாள். எங்களில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

"அடிங்க," என்றாள்.

கொஞ்ச நேரத்தில் இரைச்சல் அடங்கியது. தகரத்தில் டொக், டொக் என்று எதுவோ விழுந்தது.

"என்ன சத்தம்?" என்றார் முதலாளி.

"காஞ்ச குச்சி முதலாளி," என்றாள் அண்ணி.

எனக்கு முதலாளிமேல் கோபமா, மருந்தடித்த அண்ணன்மேலா, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாத அண்ணிமேலா என்று இன்றுவரை தெரியவில்லை. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் உச்சியில் கட்டைக் குவியலுக்குப் போய்ப் பார்த்தேன். ஓட்டைகள் அப்படியே இருந்தன. எதுவும் வரவில்லை, எதுவும் போகவில்லை.

கூரையில் பூத்த பூவெல்லாம் உதிர ஆரம்பித்தது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, மேல ஏறச் சோம்பலா? ஒரு காய்கூடப் பிடிக்கலையே," என்றார்.

இப்போது அண்ணி நிஜமாகவே ஏறுகிறாள். உச்சி வெயிலில் தகரம் காலைப் பொசுக்குகிறது. முட்டிக்கு அடியில் சாக்கைப் போட்டுக்கொண்டு தவழ்கிறாள். காய்ந்து கிடக்கும் கருவண்டுகளைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு பூவாகத் தொடுகிறாள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"இறங்குங்க அண்ணி, நான் ஏறறேன்."

"நீ தொட்டா பாதிதான் காய்க்கும்."

கொஞ்சம் கழித்துக் கூரை விளிம்பிலிருந்து கை மட்டும் நீண்டது. விரல்களை என் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள்.

"பொடி ஒட்டியிருக்கா பாரு. எனக்குத் தெரிய மாட்டேங்குது."

"ஒட்டியிருக்கு அண்ணி. போதும், இறங்குங்க."

"இன்னும் பாதிப் பூ இருக்கு," என்று கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.