டிரம்முக்கு வைத்த பொட்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். மெஷினுக்குள் உருளும் டிரம்மின் மேல் செலினியம் பூசியிருக்கும். இருட்டில் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளிச்சம் பட்ட இடத்தில் விட்டுவிடும். எழுத்து விழும் இடம் இருட்டு, அங்கே மைத்தூள் ஒட்டும். "கை படக் கூடாது சார், வெளிச்சமும் காட்டக் கூடாது" என்று வேலூர் மெக்கானிக் சொல்லியிருந்தார்.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். படித்தவனாயிற்றே. செலினியம் என்பது நிலவின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது என்று கலைக்களஞ்சியத்தில் கண்டுபிடித்து, வருகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்துச் சொன்னேன். பௌர்ணமிக்கு ஊரே மலையைச் சுற்றுகிறது. என் கடைக்குள் நிலாவே சுற்றுகிறதென்று பெருமை. ஆயுத பூஜையன்று வெளி மூடிக்கு மட்டும் பொட்டு வைப்பது மரியாதையாகப் படவில்லை. ஷட்டரை இறக்கி, விளக்கை அணைத்து, மெக்கானிக் சொன்னபடி வெளிச்சம் காட்டாமல், தடவித் தடவி டிரம்முக்கே சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

விடுமுறை முடிந்து மத்தியானத்துக்கு மேல் கடையைத் திறந்தேன். நாலு மணிக்கு முதல் ஆளாகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெண் மார்க் ஷீட்டோடு வந்தாள்.

"ஒரே காப்பிண்ணா. ஆபீசர்கிட்ட கையெழுத்து வாங்கி அஞ்சுக்குள்ள அப்ளிகேஷன் குடுக்கணும். இந்த வாட்டி விட்டா எனக்கு வயசு தாண்டிடும்."

காப்பி வந்தது. கணக்கு மார்க் இருந்த இடத்தில் கரிய வட்டம். பொட்டு வெளிச்சத்தை மறைத்துவிட்டது. உடனே திறந்து துண்டால் அழுத்தித் துடைத்தேன். பொட்டு போயிற்று, பூச்சும் கூடவே போயிற்று. அடுத்த காப்பியில் அதே இடம் வெள்ளை வெளேரென்று, முழு நிலாவாக.

"என்னண்ணா, கணக்குல எனக்கு முட்டையா?"

"டிரம்முல சின்னக் கோளாறும்மா. பூஜைக்குப் பொட்டு வச்சேன்."

"உள்ளயா?"

"உள்ளதான்."

பக்கத்து ஜெராக்ஸ் கடை பூஜைக்கு மூடியது இன்னும் திறக்கவில்லை. டவுனுக்குப் போய்த் திரும்பினால் ஆபீசர் இருக்க மாட்டார். கண்ணாடியில் மார்க் ஷீட்டை மேலே நகர்த்தினேன், கீழே நகர்த்தினேன்.

"இப்ப சயின்ஸ்ல முட்டை" என்றாள். சிரிக்கவில்லை.

நாலு பத்து. பக்கவாட்டில் நகர்த்தினால் பதிவு எண் வெட்டுப்பட்டது. நாலரைக்குக் கரண்ட் போகும் நாள் அது. என் கை வியர்வை கண்ணாடியில் வேறு பதிந்தது.

"தலைகீழா வைங்கண்ணா."

"எழுத்தெல்லாம் தலைகீழா வருமேம்மா" என்றேன், கலைக்களஞ்சியம் படித்த நான்.

"பேப்பரைத் திருப்பிப் புடிச்சா நேராயிடும்!"

வைத்தேன். வெள்ளை வட்டம் இடது ஓரத்து வெற்றிடத்தில் விழுந்தது. மார்க் அத்தனையும் இருந்தன. தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். வந்த மற்றவர்களை அனுப்பிவிட்டு எதிர் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐந்துக்குச் சற்று முன் வெளியே வந்தாள்.

"வாங்கிட்டாங்களா?"

"வாங்கிட்டாங்க. ஆபீசர் சீல் வைக்க எடம் தேடினாரு. அந்த ஓட்டையிலயே வச்சிட்டாரு." மெஷினை ஒரு பார்வை பார்த்தாள். "அடுத்த வருஷம் பொட்டை உங்க நெத்தியிலயே வச்சிக்கங்கண்ணா. அங்கதான் ஒண்ணும் கெடாது."