நாரி முறிந்த பிறகு வந்த மெசின்

என் வீட்டுக்காரர் நாட்டாமை. எங்கள் பக்கத்தில் நாட்டாமை என்றால் ஊருக்குத் தீர்ப்புச் சொல்கிறவர் இல்லை, மூடை சுமக்கிறவர். வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வயல் வட்டைகளுக்கு நடுவே இருக்கிற ஒரு அரிசி மில்லில் அவருக்கு வேலை. லொறியில் வரும் நெல்லை இறக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அட்டி போடுவார். அது அரிசியான பிறகு அதையே திரும்ப லொறியில் ஏற்றுவார். நானும் அதே மில்லில்தான் நிலம் கூட்டினேன், சாக்கு வாய் தைத்தேன். கலியாணம் முடித்ததும் அங்கே பார்த்துப் பழகித்தான்.

வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவர் மூடையோடு ஓடுவார். நடந்தால்தான் பாரம் தெரியும், ஓடினால் தெரியாது என்பார். பிறகு ஓட்டம் நடையானது. அதற்குப் பிறகு, மூடையை முதுகில் வாங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தார்.

விடியப்புறம் அவரால் பாயிலிருந்து நேரே எழும்ப முடியாது. ஒருபக்கமாகச் சரிந்து, முழங்கையை ஊன்றி, கதவு நிலையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிருவார். செருப்பைக் குனிந்து எடுக்கமாட்டார், காலால் துழாவித்தான் போடுவார். பின்னேரங்களில் குப்புறப் படுத்துக்கொண்டு மகளை நாரியில், இடுப்புக்கு மேலே முதுகில், ஏறி மிதிக்கச் சொல்லுவார். அவள் சின்னவளாக இருந்தபோது அது விளையாட்டு. அவள் வளர்ந்து, பாரமாகி, ஏறுவதற்கே கூச்சப்பட்ட பிறகும், "இன்னும் அழுத்தி மிதி புள்ள" என்று கேட்பார். மிதித்தால் நோ போவதில்லையாம், கொஞ்ச நேரம் இடம் மாறுமாம்.

"ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்களன்" என்று நான் சொன்னால், "காட்டினா என்ன சொல்லுவானுகள்? மூடை தூக்காத எண்டுவானுகள். அது எனக்கும் தெரியும்தானே" என்பார்.

அது பெரும்போக வெள்ளாமை வெட்டின காலம். கடைசி நேரத்தில் மழை பெய்து நெல் ஈரமாக வந்தது. ஈர நெல் மூடை அதே அளவுச் சாக்கில் இன்னொரு ஆள் ஒளிந்திருப்பதுபோல் கனக்கும். லொறிகள் கேற்றுக்கு வெளியே வரிசையில் நின்றன. அட்டி கூரைக்குக் கிட்ட ஏறிவிட்டது. அதன்மேல் ஏற ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் கீழே இருந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் பாதிப் பலகையில் நின்றுவிட்டார். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் வந்தவர் "போ மச்சான்" என்றார். இவர் அசையவில்லை. "வாங்குங்கடா" என்று மட்டும் சொன்னார். முதுகில் இருக்கும் மூடையை யாராவது வாங்குங்கள் என்று அர்த்தம். மேலே நின்றவர் இறங்குவதற்குள் இவருக்கு முழங்கால் இரண்டும் மடிந்துவிட்டது. மூடை ஒருபக்கம் போனது, இவர் மறுபக்கம் விழுந்தார். பெரிய உயரம் ஒன்றுமில்லை. சிறுபிள்ளை விழுந்தாலும் எழும்பி ஓடியிருக்கும். இவர் கிடந்தபடியே என்னைப் பார்த்து, "என்ர கால் எங்ககா?" என்று கேட்டார்.

கால் அங்கேதான் இருந்தது. நான் தொட்டேன். தொட்டது அவருக்குத் தெரியவில்லை.

நாலு பேர் ஓடிவந்து, கையில் இருவரும் காலில் இருவருமாக அவரைத் தூக்கினார்கள். அவர்களுக்குத் தூக்கத் தெரிந்த முறை அதுதான். நடுவில் அவர் உடம்பு தொட்டில்போல் வளைந்து தொங்கியது. அப்போதுதான் முதல் தடவையாக அவர் கத்தினார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "எவ்வளவு காலமா நோ இருந்தது?"

"நேத்துத்தான் சேர்" என்றார் இவர்.

"பொய் சேர்" என்றேன் நான். "எங்கட மகள் நடக்கப் பழகின காலத்திலயிருந்து இருக்கு."

முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை வெடித்து வெளியே வந்து நரம்பை நசுக்கிவிட்டது என்றார்கள். ஒப்பரேசன் செய்தார்கள். இடது காலில் கொஞ்சம் உணர்வு திரும்பியது. வலது கால் வரவேயில்லை. பாய் நனையச் சலம் போவதும் அவருக்குத் தெரியாமல் போயிற்று. மனிதருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு யார் பார்க்க வந்தாலும், மணக்குதா என்று என்னைக் கண்ணால் கேட்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன்.

பாயிலிருந்து கதிரைக்கு, கதிரையிலிருந்து கிணற்றடிக்கு, திரும்பப் பாய்க்கு. வீட்டில் இப்போது நான் நாட்டாமை. அவருடைய இரண்டு அக்குளுக்குள்ளும் கையைக் கொடுத்து, என் நெஞ்சில் சாய்த்துத் தூக்குவேன். மூடை என்றால் நொந்தால் போட்டுவிடலாம். மனிதரைப் போட முடியாது. கொஞ்ச நாளில் எனக்கும் நாரிக்குள் ஒரு கம்பி இறங்கினதுபோல் உழைவு தொடங்கியது. அவரிடம் சொல்லவில்லை. ஆனால் நான் பாயிலிருந்து சரிந்து எழும்புவதை அவர் ஒருநாள் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தப் போகத்திலேயே இன்னொருவருக்குக் குடல் இறங்கியது. இளம் ஆட்கள் கட்டாருக்கும் சவுதிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள், மூடை சுமக்க யாரும் வரவில்லை. முதலாளி ஏறாவூர் ஹாஜியார். எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றே அவரைப் பார்த்துவிட்டு, முற்றத்துக்கு இறங்கி என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, நான் ஒரு மெசின் எடுக்கப் போறன். பாவம் பாத்து மட்டும் எடுக்கல்ல. பொய் சொல்லப்படாது. ஆளும் கிடைக்குதில்ல. கிடைக்கிற ஆளையும் இப்பிடி உடைச்சுப்போட்டு நான் அல்லாஹ்ட்ட என்ன சொல்ற?"

அவரிடம் எனக்கு வந்த கோபத்தை அன்று நான் வாயால் காட்டவில்லை. இவ்வளவு காலமும் மெசின் உலகத்தில் இல்லாமலா இருந்தது?

அது ஒரு பெரிய லொறியில் வந்தது. சாய்வாக நிறுத்துகிற ரப்பர் பட்டி ஒன்று, மூடையைக் கீழே வைத்தால் அட்டியின் உச்சிக்கு அதுவே கொண்டுபோகும். இன்னொன்று, முன்னால் இரண்டு இரும்புக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற வண்டி. ஏறி உட்கார இடமில்லை. பின்னால் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தே ஓட்ட வேண்டும். பெற்றரியில் ஓடும். மரத்தட்டில் அடுக்கின மூடைகளை அடியோடு தூக்கிக்கொண்டுபோய் வேண்டிய உயரத்தில் வைக்கும்.

நாட்டாமைமார் சாக்குக் குவியலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கிட்ட வரவில்லை. மெசினோடு கொழும்பிலிருந்து வந்த பொடியன் சிங்களமும் கைப்பாசையுமாக ஓட்டிக் காட்டினான். "ஆரு பழகப்போற?" என்று முதலாளி கேட்டார். எல்லோரும் கூட்டத்தின் தலைவரைப் பார்த்தார்கள். அவரை எல்லாரும் பெரிய நாட்டாமை என்போம். என் வீட்டுக்காரரோடு ஒன்றாகத் தொழிலுக்கு வந்தவர். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பிப் போனார்.

"நான் பழகட்டா ஹாஜியார்?" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

நிலத்தில் பள்ளம் இருந்தால் தட்டு ஆடும், அதனால் களஞ்சியத்துக்குப் புதிதாகச் சீமெந்து போட்டார்கள். முதல்நாள் நான் தட்டின் அடியில் இரும்புக் கையை நுழைத்துப் பெருவிரலால் பொத்தானை அழுத்தினேன். மூடைகள் எழும்பின. என் கையில் ஒரு பாரமும் தெரியவில்லை. ஒன்றுமேயில்லை. அவரும் அவருடைய கூட்டாளிமாரும் முதுகு வளைந்து ஒரு காலைப்பொழுது முழுக்கச் சுமந்ததை, ஊஞ்சல் கயிற்றைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நான் கொண்டுபோகிறேன். சந்தோசம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மெசினை நிற்பாட்டிவிட்டு வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நாளில் ஆட்கள் குறைந்தார்கள். முதலாளி யாரையும் போ என்று சொல்லவில்லை. வேலை குறைந்தது, அவர்களாகவே போனார்கள். பெரிய நாட்டாமை ஒருநாள் என்னை மறித்தார்.

"மதினி, எங்கட வயித்தில அடிக்கிறீங்க."

"அவர்ர நாரியில அடிச்சது ஆரு அண்ணன்?" என்றேன். "நானா?"

அடுத்த நாள் மெசினுக்குச் சார்ஜ் போடும் வயர் வெட்டிக் கிடந்தது. முதலாளி பொலிசுக்குப் போவதாக நின்றார். வேண்டாம் என்று நான் அவரைக் கெஞ்சினேன். வெட்டினவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும், அவருக்கும் நாரி இருக்கும். புதிய வயர் போட்டார்கள். அதற்குப் பிறகு மில்லுக்குள் என்னோடு யாரும் கதைப்பதில்லை. என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மடியில் தலையைத் தாங்கி வந்தவர் ஒருவர். அவர் வேலையை விட்டுப்போய் வாழைச்சேனையில் சீமெந்துக் கடையில் சுமக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் பஸ் தரிப்பில் கண்டேன். கழுத்து தோளுக்குள் இறங்கியிருந்தது. என்னைக் கண்டும் காணாததுபோல் மற்றப் பக்கம் திரும்பி நின்றார்.

நான் மெசின் ஓட்டுவதை வீட்டில் சொல்லவில்லை. யாரோ வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்கள்.

"நீதான் அத ஓட்டுறியாம்" என்றார்.

"ஓம்."

"ஒரேயடியா எவ்வளவு தூக்கும்?"

பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதையும் கேட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"மெல்லவா வைக்கும், தொம்மெண்டா போடும்?"

"மெல்லத்தான் வைக்கும். பூ வைக்கிற மாதிரி."

"ம்" என்றார். மறுகா, "அப்ப சாக்கும் கிழியாது" என்றார். அன்று இரவுச் சோறு தின்னவில்லை. அவரைத் தூக்கிக் கதிரையில் இருத்த நான் குனிந்தபோது, "விடு, கிடக்கிறன். உனக்கு நோகும்" என்றார்.

அப்படி அவர் கிடந்ததில்தான் பின்பக்கத்தில் படுக்கைப் புண் வந்தது. அந்த இடத்தில் உணர்வில்லாததால் புண் வந்தது அவருக்குத் தெரியவில்லை. எனக்கு மில் வேலை, மகளுக்குப் பள்ளிக்கூடம். கண்டபோது புண் ஆழமாகிவிட்டது. மாரிமழை பிடித்து, வாவி நிறைந்து வீதிக்கு மேலால் ஓடின கிழமை அவருக்குக் காய்ச்சல் கூடியது. வாகனம் எதுவும் வராது. தோணிதான். அது நிற்கும் இடத்துக்கு இடுப்பளவு தண்ணீரில் போக வேண்டும்.

யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. பெரிய நாட்டாமையும் இன்னும் மூன்று பேரும் தண்ணீருக்குள்ளால் வந்தார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே எங்கள் கதவைக் கழற்றினார்கள். அதை நிலத்தில் வைத்து, அவரை வளைக்காமல் நேராக உருட்டி ஏற்றி, சாரத் துணியால் கட்டி, தோளில் எடுத்தார்கள்.

"நோகுதா மச்சான்?" என்று பெரிய நாட்டாமை கேட்டார்.

"இல்ல. நல்லாத் தூக்குறீங்கடா" என்றார் இவர்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆனால் புண்ணிலிருந்த கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. வெள்ளம் வடிகிறதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடித்து நான் மில்லுக்குத் திரும்பினேன். மெசின் ஒரு மூலையில் சாக்கால் மூடிக் கிடந்தது. பெற்றரி செத்திருந்தது. ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை என்று, இவ்வளவு நாளும் மிச்சமிருந்த ஆட்கள் முதுகில்தான் சுமந்திருக்கிறார்கள். பலகை திரும்பவும் அட்டியில் சாய்ந்து நின்றது. அதைப் பார்த்ததும் அதுவரை வராத அழுகை வந்தது.

நான் பெற்றரியை சார்ஜில் போட்டேன். பின்னேரம் பெரிய நாட்டாமை வந்து பக்கத்தில் நின்றார். பிறகு, "எனக்கும் கழுத்துக்குள்ள விறைக்குது மதினி. கை மரக்குது. இதப் பழக்கித் தாங்க" என்றார்.

பழக்குவது லேசாக இருக்கவில்லை. பொத்தானை அழுத்தினதும் வண்டி ஓடத் தொடங்கும். இவரோ தோளைக் கொடுத்து முழுப் பலத்தோடு தள்ளுவார். கழுத்து நரம்பு புடைக்கும். "அண்ணன், தள்ளத் தேவல்ல. அது தானாப் போகும்" என்று எத்தனை தரம் சொல்லியும் அவருடைய உடம்பு கேட்கவில்லை. பாரம் நகர வேண்டும் என்றால் தான் நோக வேண்டும் என்றுதான் அந்த உடம்புக்குத் தெரியும். ஒரு கிழமைக்குப் பிறகுதான் தோள் இறங்கியது.

பிறகு முதலாளி இன்னொரு வண்டியும் எடுத்தார். இப்போது எங்கள் மில்லில் பெரிய நாட்டாமை ஒன்றை ஓட்டுகிறார், நான் மற்றதை. அதற்குப் பிறகு அங்கே யாரும் விழவில்லை. லொறிக்குள் அடுக்குவதை மட்டும் இன்னும் கையால்தான் செய்கிறார்கள். அதையும் ஒருவராகச் செய்ய நாங்கள் விடுவதில்லை. என் நாரி உழைவு போகவில்லை, போகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். தண்ணீர் அள்ளுவதை மகள் பார்த்துக்கொள்கிறாள். அவளையும் குடத்தை நிறைக்க நான் விடுவதில்லை.