புல்லைக் கழுவிய வீடு

எங்கள் ஊர்க்காரரிடம் ஒரு குறை உண்டு. யாரையும் வெறும் வாயோடு அனுப்பத் தெரியாது. கரண்ட் பில் கொடுக்க வந்தவர்கூட காத்தான்குடியில் ஒரு வீட்டுக்குள் காலை வைத்தால், தேநீர் குடிக்காமல் வெளியே வர முடியாது. இந்தத் தாராள மனசால் ஒரு மட்டக்குதிரை சாகப் பார்த்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

குதிரையைக் கொண்டுவந்தவர் என் மாமா, உம்மாவின் தம்பி. கத்தாரில் ஒரு பணக்காரரின் குதிரை லாயத்தில் பல வருடங்கள் வேலை செய்தவர். அவர்கள் இருவருக்கும் மூத்தவரான பெரியும்மா, சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், முதலில் ஒரு விரலையும், பிறகு காலையும், கடைசியில் உயிரையும் விட்டபோது மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதன் பிறகு அவருக்கு அங்கே மனம் ஒட்டவில்லை. ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் புடவைக்கடை போடுவார்கள், வான் வாங்குவார்கள். மாமா நுவரெலியாவுக்குப் போய், லொறியில் ஒரு மட்டக்குதிரையோடு வந்து இறங்கினார். கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுவது அவருடைய திட்டம். தம்பிக்குப் பாலைவன வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று உம்மா அன்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

ஆனால் கொஞ்ச நாளிலேயே குதிரை உம்மாவின் குசினி வாசலைக் கண்டுபிடித்துவிட்டது. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுத் தொதல் கிண்டினால் ஒரு துண்டு உம்மாவுக்கு, ஒரு துண்டு குதிரைக்கு. உம்மாவுக்கும் சீனி வருத்தம் இருந்தது. கிளினிக்கில் கொடுத்த குளிசைகள் அலுமாரிக்குள் பத்திரமாக இருக்க, தேநீரில் சீனி மட்டும் கரண்டி கரண்டியாக விழும். மாமா வாயைத் திறந்தால், ஆயுசைத் தருவது அல்லாஹ், நீ போய் உன் குதிரையைப் பார் என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். மாமாவும் தலையைக் குனிந்துகொண்டு போய்க் குதிரையைப் பார்ப்பார்.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் மாரி மழையோடு வந்தது. மழைக்கு முளைத்த இளம்புல்லை ஆளாளுக்கு அறுத்து வந்து கட்டுக்கட்டாகப் போட்டார்கள். சவாரிக்கு வந்த பிள்ளைகள் பிஸ்கட்டும் பேரீச்சம்பழமும் ஊட்டினார்கள். பெருநாள் அன்று எங்கள் தெருவில் மிஞ்சிய வட்டிலப்பம் எல்லாம் எங்கள் வேலிக்கு மேலால்தான் வந்தது. பெருநாளுக்கு மனிசர் மட்டுமா சாப்பிடுவது என்று எல்லோருக்கும் ஒரே நியாயம்.

பெருநாள் கழிந்து இரண்டொரு நாளில் குதிரை நடக்க மறுத்தது. முன்கால்கள் இரண்டையும் முன்னுக்கு நீட்டி, பாரத்தை எல்லாம் பின்னுக்குப் போட்டுக்கொண்டு நின்றது. மாமா குளம்பைத் தொட்டுப் பார்த்ததும் அவருடைய முகம் வெளுத்தது. குளம்பு சுட்டது. நானும் தொட்டேன். காய்ச்சல்காரரின் நெற்றி மாதிரி இருந்தது.

மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டார். தின்ற இனிப்பும் இளம்புல்லும் சேர்ந்து குளம்புக்குள் வீக்கத்தை உண்டாக்கியிருக்கிறது, கவனிக்காவிட்டால் உள்ளே இருக்கும் எலும்பு கீழே இறங்கிவிடும், பிறகு இந்தக் குதிரை எழும்பி நிற்காது என்றார். முற்றத்து மணலைக் கிளறி மெத்தென்று ஆக்கச் சொன்னார், காலுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றச் சொன்னார். போகும்போது, "சீனி வருத்தக்காரரப் பாக்கிற மாதிரித்தான் இதயும் பாக்கணும்" என்றார். இவர் யாருக்குச் சொல்கிறார் என்று உம்மா அவரை முறைத்தார்.

அன்று பின்னேரம் மாமா குசினி வாசலில் வந்து நின்றார். அவர் அழுததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"ராத்தா, இது உங்கட கையாலதான் திண்டு பழகின. நான் சொன்னாக் கேக்காது. நீங்கதான் பாக்கணும். இதுட காலும் போயிட்டெண்டா நான் என்ன செய்யிற?"

உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போய், குசினி வாசலில் குதிரைக்காக வைத்திருந்த பலகாரப் பேணியை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து உம்மாவின் ஆட்சி. பச்சைப்புல் வாசலைத் தாண்டக் கூடாது. காய்ந்த புல்லைக்கூட அப்படியே போடக் கூடாது; அதிலும் இனிப்பு இருக்கிறதாம், ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். உம்மா பெரிய வாளியில் புல்லை அலசிப் பிழிவதைக் கண்டு தெருவே வயிறு வலிக்கச் சிரித்தது. புல்லுக் கழுவுகிற வீடு என்று எங்களுக்குப் பெயர் விழுந்தது. தாளிக்கவில்லையா என்று ஒருத்தி வேலிக்கு மேலால் கேட்டாள். வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டால் மறுமையில் பதில் சொல்ல வேண்டிவரும் என்று இன்னொருத்தி பயம் காட்டினாள். போன கிழமைவரை அதையே சொல்லிக்கொண்டிருந்த உம்மா, பிஸ்கட்டோடு வந்த பிள்ளைகளை விளக்குமாற்றோடு துரத்தினார்.

ஒரேயொரு தொல்லை. உம்மா தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் குதிரை கழுத்தை நீட்டிப் பார்க்கும். தொதலைக் கடித்தால் கனைக்கும். உம்மா அறைக்குள் போய் ஒளிந்து குடித்துப் பார்த்தார். அது நொண்டி நொண்டி யன்னலுக்கு வந்துவிட்டது. அதற்குக் கொடுக்காமல் தான் மட்டும் தின்பது அவருக்கு ஆகவில்லை.

"அது பாத்திட்டு நிக்க எனக்கு இறங்குதில்ல, புள்ள" என்று கோப்பையை என்னிடம் தந்தார்.

சீனி குறைந்தது. பிறகு நின்றது. வெறும் பிளேன்டீயை முகத்தைச் சுளித்துக் குடித்துவிட்டு, இப்ப உனக்குச் சந்தோசமா என்று குதிரையைக் கேட்பார். ஊறிய புல்லை மென்றபடி அது காதை ஆட்டும்.

வீக்கம் வற்றி, வைத்தியர் சரி என்ற பிறகு, அதை மெதுவாக நடக்கவிட வேண்டியிருந்தது. நடக்காவிட்டால் கொழுப்பு வைத்து வீக்கம் திரும்ப வருமாம். மாமா கயிற்றைப் பிடித்தால் குதிரை நகராது. உம்மா பிடித்தால் ஆட்டுக்குட்டி மாதிரிப் பின்னால் போகும். அப்படித்தான் மாமா சொன்னார், அப்படித்தான் நாங்களும் நம்பினோம். விடியச் சுபஹு தொழுதுவிட்டு, கறுப்பு அபாயாவோடு உம்மா கடற்கரை மணலில் குதிரை நடத்தியதைப் பற்றி ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உம்மாவுக்கு அதைக் கேட்க நேரம் இல்லை. கொஞ்ச நாளில், பேசிய பெண்களில் நாலைந்து பேர் துணைக்கு என்று சொல்லிக்கொண்டு கூடவே நடக்க வந்தார்கள்.

கிளினிக்கில் டொக்டர் இரத்தச் சோதனையை இரண்டு தரம் பார்த்துவிட்டு, சீனி இவ்வளவு இறங்க என்ன செய்தீர்கள் என்று கேட்டாராம். எனக்கென்று ஒன்றும் செய்யவில்லை, எங்கட குதிரைக்குச் சுகமில்லை, அதைப் பார்க்கவே நேரம் சரி என்று உம்மா குறைப்பட்டுக்கொண்டு வந்தார். குளிசை விழுங்கத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். குதிரைக்கு மருந்து கொடுக்கும்போது தனக்கும் ஞாபகம் வருகிறதாம்.

இன்றைக்கும் உம்மா இருக்கிறார். பெரியும்மா போன வயதைத் தாண்டி, இரண்டு கால்களோடும், அதே வாயோடும் இருக்கிறார். நேற்றுக்கூட என் தேநீரில் சீனி கூட என்று திட்டினார். அல்ஹம்துலில்லாஹ். அந்தக் குட்டைக் குதிரைக்கும், எல்லோரும் பைத்தியம் என்ற என் மாமாவுக்கும் நான் எப்படி நன்றி சொல்லி முடிப்பேன் என்று எனக்குத் தெரியாது.

அப்போது எனக்கு உம்மாவை நினைத்துக் கவலையாகத்தான் இருந்தது. மழையிலும் குளிரிலும் விடியப்புறம் எழும்பி நடக்கிறாரே என்று. ஒரு நாள் மாமாவிடம் சண்டைக்கே போனேன். குதிரைக்கு எப்போதோ சுகமாகிவிட்டது, சவாரியும் போகிறது, வைத்தியரே சொல்லிவிட்டார், இன்னும் ஏன் உம்மாவை நடக்கவிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

மாமா கடற்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் உம்மா முன்னால் கையை வீசிப் போய்க்கொண்டிருந்தார், கயிறு தளர்ந்து கிடக்க, குதிரை பின்னால்.

"ஓம் புள்ள, குதிரைக்குச் சுகம்தான்" என்றார்.

அவருடைய கண் உம்மாவின் கால்களை விட்டு நகரவில்லை. என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கிறார் என்று நினைத்து, கோபத்தோடு திரும்பி வீட்டுக்கு ஓடினேன்.