ஊட்டிக்கு முன்னால் ஒரு ஹீட்டர் பரீட்சை

எங்கள் சின்னவளுக்குக் குளிர் பட்டால் மூச்சு இழுக்கும். அதனால் ஊட்டிப் பயணத்துக்கு அவள் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"கார்ல ஹீட்டர் ஒழுங்கா ஓடுனாதான் ஊட்டி. இல்லன்னா பீச்சுக்குப் போயிட்டு வந்து படுங்க."

புதுச்சேரியில் கார் ஹீட்டரை யார் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்? முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில், மத்தியான வெயிலில் நின்ற காரில் ஏறி, ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினேன். அனல் அடித்தது.

"ஹீட்டர் சூப்பர்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். பெரியவனும் சின்னவளும் உடனே ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்தார்கள்.

"ஏங்க, வெயில்ல நிக்கிற வண்டி சும்மாவே அடுப்பாட்டம்தான் இருக்கும். காலையில அஞ்சு மணிக்குப் போட்டுப் பாருங்க" என்றாள் என் மனைவி.

மறுநாள் போட்டோம். கால் மணி நேரம் என்ஜின் ஓடியும் மார்கழிக் காற்றுதான் வந்தது. சின்னவள் ஒரு தும்மல் போட்டாள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கடை திறந்ததும் நெல்லித்தோப்பு மெக்கானிக்கிடம் ஓடினேன். இதைப் படிக்கிற பிள்ளைகளே, ஹீட்டர் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. என்ஜினில் சூடாகிற தண்ணீர் ரப்பர் குழாய் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் வரும். அதன் மேல் ஃபேன் ஊதினால் சூடான காற்று. எங்கள் காரில் அந்தத் தண்ணீர் உள்ளே வராமல், குழாயை யாரோ வெளியிலேயே திருப்பி இணைத்திருந்தார்கள்.

"எந்தப் புத்திசாலிப்பா இதப் பண்ணது?" என்றேன்.

"நான்தாண்ணே" என்றார் மெக்கானிக். "கத்திரி வெயில்ல வந்து, ஏசி பத்தல, ஏதாவது பண்ணுன்னு நின்னீங்க. சுடுதண்ணிய நிறுத்திட்டா இன்னும் ஜில்லுனு வரும்னேன். எல்லாம் தெரிஞ்சாப்ல தலைய ஆட்டுனீங்களே!"

ஆட்டினேன்தான். அவர் என்ன சொன்னார் என்பது மட்டும் அன்றைக்குப் புரியவில்லை.

என்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்து, அவர் குழாயைப் பழையபடி மாட்டிக் கொடுத்தார். ஆனால் பரீட்சை வைக்கிறவள் வீட்டில் அல்லவா இருக்கிறாள்! அன்று பதினோரு மணிக்கு நான்கு பேரும் ஸ்வெட்டர், குரங்குக் குல்லாவோடு ஏறி, கண்ணாடிகளை மூடி, ஹீட்டரை முழுதாக வைத்து, ஊருக்குள்ளேயே சாரம் பகுதி வரை போனோம். சிக்னலில் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நிறுத்திக் கண்ணாடியைத் தட்டினார்.

"என்னா சார், குடும்பத்துக்கே ஜுரமா?"

"இல்ல சார், ஊட்டி" என்றேன். அவர் பச்சை விளக்கு விழுவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்.

மூக்கு நுனியில் வேர்வை சொட்டச் சொட்ட என் மனைவி சொன்னாள்: "ஹீட்டர் பாஸு. போலாம். மொதல்ல அதை நிறுத்துங்க!"

நிறுத்தினேன், கண்ணாடிகளை இறக்கினேன், எல்லோரும் குல்லாவைக் கழற்றினோம். சின்னவள் மட்டும் வெந்த பீட்ரூட் முகத்தோடு ஸ்வெட்டர் பொத்தானை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கழற்றினால் அம்மா மனசை மாற்றிக்கொள்வாளாம்.