கொடும்பாவிக்குப் பாடியவர்

வீரசோழன் ஊருக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் என் மைக்செட் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார். “பரளச்சி அந்தோணியம்மா போயிட்டாகண்ணே. காலையில நெஞ்சுவலியாம்.” நான் அவரைத் திட்டிவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

அந்தோணியம்மாளையும் அவர் கணவன் கனகசபையையும் அறிந்தவர்களுக்கு அந்த இசைத்தட்டும் தெரிந்திருக்கும். கனகசபை மளிகைக்கடைக் குடும்பத்துப் பிள்ளை. அந்தோணியம்மாள் வேதக்காரப் பெண், கிறிஸ்தவர். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு அருப்புக்கோட்டையில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். காட்டு வேலையில் பெண்கள் பாடும் பாட்டுகளைச் சேர்த்து, எந்தக் கம்பெனியையும் நம்பாமல் தாங்களே தட்டுப் போடக் கிளம்பினார்கள். அவர் பாட, அவன் உடுக்கை அடிக்க, நான் பதிவு செய்தேன். “உடுக்கையக் கொஞ்சம் மூச்சு விடச் சொல்லுங்க, நானும் பாடணும்ல” என்று அவனைச் சீண்டுவார்.

கடைசிப் பாட்டு ஒப்பாரி. அதில்தான் வந்தது வினை. அறையை வாடகைக்கு விட்டவர் கதவைத் தட்டி, “சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வைக்கிறீகளே, வெளங்குமா?” என்று நிறுத்திவிட்டார். மதுரை நண்பரிடம் இரவல் வாங்கிய ரெக்கார்டரை மறுநாள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதை விட்டுத் தொலையுங்கள் என்றேன். “தாலாட்டு இருக்குற தட்டுல ஒப்பாரியும் இருக்கணும்ணே” என்றார் அந்தோணியம்மாள்.

அன்று மாலை பரளச்சியில் மழை வேண்டிக் கொடும்பாவி இழுத்தார்கள். வைக்கோல் பொம்மையைத் தெருத்தெருவாக இழுத்துவந்து, பிணமாகக் கிடத்தி, பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். அங்கே பாடினால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது கனகசபையின் ஊர். “அவ என் கண்ணுல படக் கூடாது” என்று சொல்லியிருந்த அவன் தாயார் குருவம்மாள் பொம்மையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

அந்தோணியம்மாள் நேராகப் போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். கனகசபை மைக்கை நீட்டிப் பிடித்தான். அவர் பாடத் தொடங்கினார். பின்பாட்டு எடுக்க ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் குருவம்மாளின் முகத்தையே பார்த்தார்கள். இரண்டாம் அடி போயிற்று. மூன்றாம் அடியும் போயிற்று. அப்புறம் ஒரு கரகரத்த குரல், சுதி சேராமல், பின்பாட்டு எடுத்தது. குருவம்மாள்தான். பதிவு கெட்டதென்று ரெக்கார்டரை நிறுத்த நான் குமிழைத் திருகப் போனேன். அந்தோணியம்மாள் பாட்டை நிறுத்தாமலே என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

சுதி பிசகிவிட்டது, இன்னொரு தரம் எடுப்போம் என்று பிறகு அந்தோணியம்மாளிடம் சொன்னேன். “பிசகுனா பிசகட்டும்ணே. ஒண்ணரை வருசமா எங்கிட்ட மூடுன வாயி தொறந்திருக்கு, அதப் போயி அழிக்கச் சொல்றீகளே.” அப்படியே தட்டில் ஏறியது. மழை வந்ததா என்று கேட்காதீர்கள், வரவில்லை. அந்த வாரமே அவர் மருமகளாகப் பரளச்சி வீட்டுக்குள் போனார்.

நேற்று அதே வீட்டில் குருவம்மாள் அதே ஒப்பாரியைப் பாடினார். அடிக்கு அடி நிறுத்திக் காத்திருந்தார். “நீ பாடுனப்ப நான் எடுத்தேனே தாயி, இப்ப எனக்கு எடுக்க ஆளக் காணோமே” என்றார். எங்கள் பக்கம் ஆம்பளை ஒப்பாரி வைக்கும் வழக்கம் கிடையாது. கனகசபை பின்பாட்டு எடுத்தான். சுதி சேரவில்லை.

எனக்கு மிஞ்சியது மணிக்கட்டில் அந்தப் பிடிதான். நேற்று அவன் சுதி பிசகியபோது அது இன்னும் இறுகியது.